சவ்வு மேடு

என் கணவர் மோசஸை நாய் கடிக்கவில்லை. ஆனால் அவர் வெறிநாய் நோயில்தான் இறந்தார். யாரிடம் சொன்னாலும் எந்த இடத்தில் கடித்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். கடிக்கவில்லை என்றால் நம்பமாட்டார்கள். நாயிலிருந்து தொடங்கிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், சரியாக வருவதில்லை. ஆற்றங்கரையில் இருந்த சவ்வு மேட்டிலிருந்து தொடங்கினால்தான் வருகிறது.

எங்கள் ஊர் ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் வழியில் பாலாற்றை ஒட்டி இருக்கிறது. தெற்கே மலை. மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்று கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வந்து, தோல் ஷாப்புக்குப் பின்னால் ஆற்றில் சேரும். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் தோல் ஷாப் என்றுதான் சொல்வோம். பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிரை நீக்கி, உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சவ்வையும் கொழுப்பையும் வளைந்த கத்தியால் சீவி எடுப்பார்கள். சீவியதை மாட்டுவண்டியில் ஏற்றி, ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் கொட்டுவார்கள். வருடக்கணக்காகக் கொட்டிக் கொட்டி அது மேடாகிவிட்டது. வீட்டுக்கு வழி சொல்லும்போதுகூட மேட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்றே சொல்வோம்.

அதன் நாற்றம் துணியில் ஏறும், சோற்றில் ஏறும், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாட வாயைத் திறந்தால் தொண்டைக்குள் இறங்கும். வெளியூரிலிருந்து வரும் உறவுக்காரர்கள் ஒரு வேளைக்கு மேல் தங்கமாட்டார்கள். ஆனால் அந்த மேட்டுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. வண்டி கவிழ்ந்ததும் முதலில் பருந்துகள் இறங்கும். அவை தூக்கிக்கொண்டு போன பிறகு காக்கைகள். வெயில் ஏறிப் புழு வெளியே வந்தால் கொக்குகள் வந்து வரிசையாக நிற்கும். நாய்களுக்கு மட்டும் நேரம் கிடையாது. அவை அங்கேயே பிறந்து, அங்கேயே படுத்து, அங்கேயே குட்டி போட்டன. தெருவுக்குள் வருவதில்லை. வர வேண்டிய தேவை இல்லை.

நான் மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. என் பெயர் தேவகிருபை. அறிவியல் புத்தகத்தில் உயிரினங்களும் சூழ்நிலையும் என்று ஒரு பாடம் உண்டு. அதில் ஒரு குளத்தின் படம். பாசியைப் பூச்சி தின்னும், பூச்சியைத் தவளை தின்னும், தவளையைப் பாம்பு தின்னும். தின்னப்படுவதிலிருந்து தின்பதற்கு ஓர் அம்பு. எங்கள் ஊரில் தவளை இருக்கும் குளம் எதுவும் இல்லாததால், ஒரு வருடம் பிள்ளைகளிடம் நம் ஊரை வைத்துச் சொல்லுங்கள் என்றேன். வகுப்பே ஒரே குரலில் மேட்டைச் சொன்னது. சவ்வு, புழு, கொக்கு, காக்கை, பருந்து, நாய் என்று கரும்பலகை முழுக்க அம்பு போட்டேன். நாய் இருந்தால் நரி வராது டீச்சர் என்று ஒருத்தி சொன்னாள். அவள் அப்பா ஓடைப் பக்கம் கரும்புக் காவலுக்குப் போகிறவர். நரியையும் எழுதினேன். ஆனால் வராது என்பதற்கு எப்படி அம்பு போடுவது என்று தெரியவில்லை. இங்கே யாரும் யாரையும் தின்னவில்லையே. நரியை அம்பில்லாமல் ஓர் ஓரத்தில் விட்டுவிட்டு மணி அடித்ததும் அழித்தேன்.

மோசஸ் அந்த ஷாப்பில், சுண்ணாம்புக் குழிகள் இருக்கும் சுண்ணாம்பு யார்டில் வேலை செய்தார். சுண்ணாம்பு யார்டுக்காரர்களைக் கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். விரல் நுனிகளிலும் இடுக்குகளிலும் மிளகு அளவில் ஓட்டைகள் இருக்கும். சுண்ணாம்பு அரித்த ஓட்டைகள். ஒன்று ஆறும்போது இன்னொன்று திறக்கும். கையுறை கொடுத்தார்கள், உறை போட்டால் ஈரத் தோல் வழுக்கும், கத்தி பிடிக்க முடியாது என்று யாரும் போடுவதில்லை. குழம்புச் சோற்றைப் பிசைந்தால் காரம் ஓட்டைக்குள் இறங்கி எரியும். அதனால் எங்கள் தெருவில் பெண்கள்தான் சோற்றைப் பிசைந்து உருட்டித் தட்டில் வைப்போம், ஆண்கள் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஷாப்புக்குள்ளே வர உரிமையுள்ள நாய் ஒன்றே ஒன்றுதான். வெள்ளையில் செம்பட்டைத் திட்டு. தொரை என்று பெயர். யார்டு மேஸ்திரி மக்பூல் அகமது தொழுகைக்குப் போகிறவர் என்பதால் நாயைத் தொடமாட்டார். ஆனால் அதை விரட்டவும் விடமாட்டார். நம்மளுக்கு நாய் ஆவாது, தொரை நாய் இல்ல, ஸ்டாஃபு என்பார். மத்தியானம் வேலை நிறுத்தியதும் சுண்ணாம்பு ஆட்கள் கையைக் கழுவிக்கொண்டு பதனிடும் மரப்பட்டை அடுக்கிய கொட்டகை நிழலில் உட்கார்ந்து, தொரையிடம் கையை நீட்டுவார்கள். கழுவினாலும் கையில் கொழுப்பு வாடை போகாது. அது ஒவ்வொருவர் கையாக நக்கிக்கொண்டே போகும். நாக்கு பட்டால் எரிச்சல் கம்மியாகிறது என்று மோசஸ் சொல்வார். நானும் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். ஷாப் தொடங்கிய நாளிலிருந்து எந்த நாய் இருந்தாலும் அப்படித்தானாம்.

எழுபத்தெட்டாம் வருடம் மேட்டை எடுக்க வேண்டும் என்று தெருவில் பேச்சு வந்தது. அந்தக் கோடையில் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் ஆகி, ஈயை ஓட்டி ஓட்டிக் கை ஓய்ந்துபோயிருந்தோம். நகராட்சிக்குப் போனவர்களில் நானும் ஒருத்தி. அதைப் பற்றி இன்றைக்கும் எனக்கு வேறு எண்ணம் கிடையாது. அது போகத்தான் வேண்டியிருந்தது. நல்லவேளையாகப் பசை காய்ச்சும் கம்பெனி ஒன்று சவ்வை ஈரமாகவே தினம் எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. லாரி வந்தது. பழைய மேட்டையும் வாரி எடுத்து, அந்த இடத்தில் மணல் பரப்பிச் சுண்ணாம்புத் தூள் தூவினார்கள். ஆலயத்தில் ஸ்தோத்திர ஜெபம் செய்தோம். என் நாத்தனார் பொன்மலர் கணியம்பாடியிலிருந்து வந்து முழுதாக ஒரு வாரம் தங்கினாள்.

பருந்துகளுக்குத்தான் முதலில் புரியவில்லை. காலையில் வண்டி வரும் நேரத்துக்கு அவை வந்து காலியான மணலின் மேல் சுற்றிக்கொண்டே இருந்தன. சில நாள் கழித்து அந்த வட்டம் பெரிதாகி எங்கள் தெருவுக்கு மேலே வந்தது. கோழிக்குஞ்சு போயிற்று. கறிக்கடையிலிருந்து நடந்துவந்த ஒருவர் கையிலிருந்த பொட்டலம் போயிற்று. பிறகு அவையும் எங்கோ போய்விட்டன. வானம் வெறிச்சென்று இருந்தது. அது ஏனோ எனக்குப் பிடிக்கவில்லை. துணி காயப்போட வெளியே வந்தால் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். நாற்றம் போன பிறகு சந்தோஷமாக இருக்க வேண்டிய நாட்கள் அவை. ஆனால் எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்ததுபோலவே இருந்தது.

நாய்கள் தெருவுக்கு வந்தன. இட்லிக்கடைச் செல்லம்மாள் எச்சில் இலை போடும் இடத்தில் சண்டை. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு வேளையில் கம்போடு நிற்க வேண்டியதாயிற்று. நகராட்சி ஆட்கள் சிலதைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சிலது ரோட்டில் லாரியில் அடிபட்டன. மீதி, ஊரின் மறுகோடியில் கறிக்கடைகள் பக்கம் போய்விட்டன. ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் ஒரு நாயும் இல்லை.

ஆவணி மழை நின்ற பிறகு சாயங்காலத்தில் நரி ஊளையிடுவது கேட்க ஆரம்பித்தது. முதலில் கரும்புக்குள்ளிருந்து. பிறகு ஓடைக்குள்ளிருந்து. பிறகு ஷாப்பின் பின்சுவர் பக்கத்திலிருந்து. எலி பிடிக்க வருகிறது என்றார்கள். ஒருநாள் வெயில் நன்றாக இருக்கும்போதே ஒரு நரி ஆற்று மணலில் நேராக நடந்து வந்ததாம். ஆட்களைப் பார்த்தும் ஒதுங்கவில்லையாம். தொரை மட்டும் ஓடிப்போய் அதோடு கட்டிப் புரண்டு, மூக்கில் கிழித்துக்கொண்டு திரும்பி வந்தது. மோசஸ் அதைச் சொல்லும்போது பெருமையாகச் சொன்னார். தொரையின் மூக்கில் மஞ்சள் வைத்தது முனிரத்தினம்.

முனிரத்தினம் எங்கள் அடுத்த வீடு, யார்டில் மோசஸுக்கு அடுத்த குழி. ஒருவரையொருவர் தோஸ்த் என்றுதான் கூப்பிடுவார்கள். மோசஸ் அதிகம் பேசமாட்டார். முனிரத்தினம் அவருக்கும் சேர்த்துப் பேசுவார்.

தொரை வெறிபிடித்து ஓடிய அன்று காலையில்தான் முனிரத்தினம் மச்சினியின் கல்யாணத்துக்கு அரக்கோணம் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டு மனைவி விஜயகுமாரியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். பையைக்கூட வீட்டில் வைக்கவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த செல்லம்மாளைத் தொரை கெண்டைக்காலில் கடித்தது. தடுக்கப் போன ஒரு கிழவரைக் கடித்தது. எதிர்வீட்டு லில்லி ஏழு வயதுப் பெண். அவளைத் தோளில் கடித்தது. அதன் குரலே மாறியிருந்தது. முனிரத்தினம் யார் வீட்டுக் கதவிலிருந்தோ தாழ்க்கட்டையைப் பிடுங்கி அதை அடித்துக் கொன்றார். கொன்றுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். மக்பூல் அகமது ஆள் வைத்து ஆற்றோரம் ஆழமாகப் புதைக்கச் செய்தார்.

கடிபட்டவர்களை ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று இதற்கெல்லாம் என்னைத்தான் அழைப்பார்கள். லில்லியை மோசஸ் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. மருந்து வேலூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வர வேண்டும். டாக்டரம்மா ஒவ்வொருவர் காயத்தையும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிவிட்டு எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

"வேற யாருக்காவது காயத்துல நாய் எச்சில் பட்டிருக்கா? கடிக்காட்டியும் பரவாயில்ல, சொல்லுங்க."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாருக்கும் இல்லை என்றோம். மோசஸும் இல்லை என்று தலையாட்டினார். இரண்டு கைகளாலும் லில்லியைத் தாங்கிக்கொண்டு நின்றார். காயம் என்றால் ரத்தம் வர வேண்டும், கட்டுப் போட வேண்டும், ஒரு நாளாவது லீவு போட வேண்டும். சுண்ணாம்பு ஓட்டையை எங்கள் தெருவில் யாரும் காயம் என்று சொன்னதில்லை. அது கை. கை அப்படித்தான் இருக்கும்.

தினமும் காலையில் அவர்களை ஊசிக்கு அழைத்துப் போனேன். லில்லி முதல் நாள் கத்தினாள், பிறகு கத்துவதை விட்டுவிட்டு என் விரலைக் கடித்துக்கொள்வாள். செல்லம்மாள் வயிற்றில் இனி ஊசி குத்த இடமில்லை, முதுகில் இடமிருக்கிறது, கேட்டுப் பாரு டீச்சர் என்பாள். அவர்களுக்கு ஊசி முடியும் நேரத்தில் என் மனசு அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. எதையோ எண்ணாமல் விட்டுவிட்டேன் என்று இருந்தது. வகுப்பில் வருகைப் பதிவு எடுத்த பிறகும் மறுபடியும் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து மோசஸுக்குச் சோறு உருட்டிக்கொண்டிருந்தேன். கறிக்குழம்பு. எலும்பைப் பொறுக்கித் தனியாக வைத்தேன். அவர் அந்த எலும்பைப் பார்த்தார்.

"இத்தப் போட்டுத்தான் தொரைய நாமளே கெடுத்தோம்" என்றார். "முன்னாடி மேட்டுல மெத்துமெத்துன்னு சவ்வு துன்னுது. மேடு போனதும் கடைத்தெரு எலும்புதான். கடைசில தொண்டையில மாட்டிக்கிச்சுன்னே நெனச்சேன். துன்னாம, முழுங்காம, யாரு கையையும் நக்காம, எச்சி ஒழுக்கிக்கினு நின்னுது. பாவமா இருந்துச்சு."

"அப்புறம்?"

"கைய உள்ள விட்டுப் பார்த்தேன். எலும்பு ஒண்ணும் இல்ல."

நான் உருட்டிய உருண்டை என் கையிலேயே இருந்தது. அவர் கையைப் பார்த்தேன். அடுத்த உருண்டைக்காக நீட்டியபடி இருந்த அந்தக் கையின் ஆட்காட்டி விரலில் மூன்று ஓட்டைகள், ஒன்று சிவந்து ஈரமாக இருந்தது. எத்தனையோ வருடமாகப் பார்த்த கை. அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

எப்போது என்று கேட்டேன். அது வெறிபிடித்து ஓடியதற்கு முதல் நாள் என்றார். எது வரைக்கும் கையை விட்டீர்கள் என்றேன். மணிக்கட்டுக்கு மேலே காட்டினார். காட்டும்போதே அவர் முகம் மாறியது. நான் சொல்ல வந்ததை அவரே புரிந்துகொண்டார்.

"கடிக்கலியே டீச்சர்" என்றார். வீட்டிலும் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். "அது என் மேல பல்லே வெக்கல."

சோற்றை மூடி வைத்துவிட்டு அப்போதே டாக்டரம்மாவின் குவார்ட்டர்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவர் மோசஸின் கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் நாளே வந்திருக்க வேண்டும், இப்போதாவது உடனே போட்டுவிடுவோம் என்றார். பிறகு, இவரைப்போல இன்னும் எத்தனை கைகள் என்று கேட்டார்.

சுண்ணாம்பு யார்டு முழுக்க என்றேன்.

மறுநாள் காலை ஷாப் வாசலில் நின்றேன். உள்ளே பெண்கள் வரும் வழக்கமில்லை. மக்பூல் அகமது வெளியே வந்து ஆட்களை வரிசையாகக் கூப்பிட்டு நிறுத்தினார். நான் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. அந்த ஊசி போட்டுக் கால் விழுந்துபோனவர்களைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. சம்பத் என்கிற இளவட்டம், தினம் வயிற்றில் குத்தினால் குனிந்து தோல் சீவுவது எப்படி என்றான்.

முனிரத்தினம் சிரிக்க வைக்கப் பார்த்தார். "நாய் நக்குனதுக்குப் பதினாலு ஊசின்னா, பொண்டாட்டி திட்டுறதுக்கு இன்னா கணக்கு டீச்சரம்மா?"

ஒருவர் இருவர் சிரித்தார்கள். மோசஸ் முன்னால் வந்து சட்டையைத் தூக்கி, முதல் ஊசி போட்ட இடத்தைக் காட்டினார். சுற்றி வீங்கிச் சிவந்திருந்தது. மக்பூல் அகமது கூட்டத்தைப் பார்த்து, "கடிச்சாதான் ஊசின்னு எந்த ஷாப்பு சட்டம்? இவரு போட்டுக்கினாரு, நிக்கிறாரு. ஊசி முடியிற வரைக்கும் குழியில எறங்க வேணாம். கூலி நான் பாத்துக்கறேன், போங்க" என்றார்.

ஒவ்வொருவராக வந்தார்கள். முனிரத்தினம் மட்டும் வரவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன், கெஞ்சினேன், கடைசியில் திட்டினேன். விஜயகுமாரி அழுதாள். தொரையைக் கொன்ற கை இது, இதுக்கு அது என்னா பண்ணுமோ பண்ணட்டும் என்று எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு நான் இரண்டு பேரைக் கவனிக்க வேண்டியிருந்தது.

கவனிப்பது என்றால் தண்ணீர் குடிப்பதைத்தான். அந்த நோய் வந்தால் தண்ணீர் இறங்காது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மோசஸ் காலையில் எழுந்ததும் நான் சொம்பைக் கொடுத்துவிட்டு எதிரே நிற்பேன். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்ப்பேன். முதல் சில நாள் அவருக்குப் பேஜாராக இருந்தது. பிறகு பழகிக்கொண்டு, சொம்பை நன்றாக உயர்த்தி அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்து முடித்து, வெறும் சொம்பை என்னிடம் கவிழ்த்துக் காட்டுவார். "ஹாஜர் டீச்சர்" என்பார். அடுத்த வீட்டில் முனிரத்தினம் கொல்லையில் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டால் அன்றைய நாளின் பாதி கடந்துவிடும். மீதிப் பாதிக்கு வேலை தேடிக்கொள்வேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க எடுத்தேன். அந்த வாடை பிடிக்காமல் பாதியில் விட்டேன். பள்ளியில் கையெழுத்துப் போடும்போது பேனாவை அழுத்தி நிப்பை வளைத்துவிட்டேன். ஊளை கேட்கும் சாயங்காலங்களில் கதவைச் சாத்துவேன், சாத்தினால் உட்கார முடியாமல் திறப்பேன்.

ஊசி முடிந்தது. யார்டில் எல்லோரும் மறுபடி குழியில் இறங்கினார்கள். இப்போது மக்பூல் அகமது நின்று பார்த்து உறை போட வைத்தார். வேலை மெதுவாகத்தான் நடந்தது, முதலாளி முணுமுணுத்தார். ஆனால் மேஸ்திரி விடவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது. லில்லி நாடகத்தில் தேவதூதனாக நின்றாள், இறக்கை கட்டிய தோளில் தழும்பு தெரிந்தது. அன்றைக்கு முதன்முறையாக எனக்குப் பசித்தது.

புது வருடம் பிறந்து பொங்கலுக்கு முன், ஷாப்பிலிருந்து வந்த மோசஸ் வலது கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். குறுகுறுவென்று இருக்கிறது, எறும்பு ஓடுவது மாதிரி என்றார். உறைதான் ஒத்துக்கொள்ளவில்லை போல என்றார். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார். கவிழ்த்துக் காட்டினார். மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள் சொம்பை வாங்கி, உயர்த்தி, வாய்க்கு நேரே வைத்து, அப்படியே நிறுத்தினார். தண்ணீர் அவர் மார்பில் வழிந்து ஓடியது. தொண்டை மட்டும் துடித்தது. அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் பயத்தைவிட வருத்தம்தான் இருந்தது. பரீட்சையில் தவறிய பிள்ளையைப்போல.

வேலூருக்குக் கொண்டுபோனோம். அங்கே நடந்ததை நான் எழுதப்போவதில்லை. நடுவில் தெளிந்த நேரத்தில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"முனிரத்தினம் குடிக்கிறானா?"

குடிக்கிறார் என்றேன். அது உண்மை. ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடையில் நின்று, என் கண்ணில் படும்படி அவர் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். ஜன்னலிலிருந்து தெரிந்தது. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது.

ஊசி போட்டுக்கொண்ட மற்றவர்கள் ஒருவரும் சாகவில்லை. ஊசி போட்டுக்கொள்ளாத முனிரத்தினமும் சாகவில்லை. இதை வைத்துத் தெருவில் பலர் பலவிதமாகப் பேசினார்கள்; ஊசி போட்டதால்தான் போனார் என்றுகூடச் சொன்னார்கள். டாக்டரம்மாதான் வீட்டுக்கு வந்து உட்காரவைத்துச் சொன்னார். வெறிநாயின் எச்சிலில் விஷம் அதன் கடைசி சில நாட்களில்தான் வரும். அந்த நாட்களில் முனிரத்தினம் அரக்கோணத்தில் கல்யாணப் பந்தலில் இருந்தார். மற்றவர்கள் கையைத் தொரை அப்போது நக்கியிருக்காது, அதுதான் விழுங்கவே முடியாமல் நின்றதே. அதன் வாய்க்குள் கையை விட்டது ஒருவர் மட்டும்தான், அவருக்கு ஊசி தொடங்கவும் தாமதமாகிவிட்டது. மற்றவர்களுக்கு அந்த ஊசி தேவைப்பட்டதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனாலும் மறுபடி இப்படி நடந்தால் மறுபடியும் எல்லோருக்கும் போடத்தான் சொல்வேன் என்றார். எனக்கு அது சரியென்றே பட்டது.

அடுத்த வருடம் அந்தப் பாடம் வந்தபோது குளத்துப் படத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பிள்ளைகள் கேட்டார்கள். சவ்வு, பருந்து, நாய் என்று எழுதி, ஓரத்தில் நரியையும் எழுதிவிட்டு, சவ்வைக் கோடு போட்டு அடித்தேன். பிறகு பருந்தை அடித்தேன், நாயை அடித்தேன். நாயை அடித்ததும் ஓரத்தில் இருந்த நரியிலிருந்து ஒரு கோடு இழுத்தேன். ஓடை வழியாக, பின்சுவர் வழியாக, தொரை வரைக்கும். தொரையிலிருந்து சுண்ணாம்பு யார்டுக்கு. அங்கே சாக்பீஸ் நின்றுவிட்டது. வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் அங்கேதான் வேலை. கையைப் பற்றிச் சொன்னேன். வீட்டுக்குப் போய் அப்பா கையைப் பாருங்கள், திறந்த ஓட்டை இருந்தால் அதற்குப் பெயர் காயம் என்று சொல்லுங்கள் என்றேன். நான் ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வருடமும் அதைச் சொன்னேன்.

பசை கம்பெனியை எண்பத்து மூன்றில் மூடிவிட்டார்கள். சவ்வை இப்போது லாரியில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோகிறார்கள். எங்கே கொட்டுகிறார்கள் என்று கேட்டால் தூரம் என்கிறார்கள். அந்தத் தூரத்தில் ஓர் ஓடை இருக்குமா, அங்கே எந்த நாய்கள் இருக்கும் என்றெல்லாம் யோசிக்க ஆரம்பித்தால் எனக்கு வீட்டில் உட்காரப் பிடிப்பதில்லை. எழுந்து ஆற்றங்கரை வரை நடப்பேன். திரும்பி வருவேன். மறுபடி நடப்பேன்.

முனிரத்தினம் இன்னும் அடுத்த வீட்டில்தான் இருக்கிறார். முன்புபோல் பேசுவதில்லை. ஆனால் சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் முன் என் வாசலில் நிற்பார். டீச்சரம்மா, கொஞ்சம் தண்ணி என்பார். அவர் வீட்டில் தண்ணீர் இல்லாமல் இல்லை. விஜயகுமாரிக்கும் தெரியும். நான் சொம்பைக் கொண்டுவந்து கொடுப்பேன். அவர் வெளிச்சம் இருக்கும் பக்கமாகத் திரும்பி நின்று, சொம்பை நன்றாக உயர்த்தி, அண்ணாந்து, என் கண்ணுக்குத் தொண்டை தெரியும்படி மெதுவாகக் குடிப்பார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டுவார்.

அப்புறம்தான் நான் விளக்கு ஏற்ற உள்ளே போவேன்.